இமாமிடம் கேட்டீர்கள், என் மாமியாரிடம் கேட்கவில்லை

அண்ணே,

சமையலறை அலமாரியில் உங்கள் சுருட்டு வாடை அடிக்கிறது. நீங்கள் உயிரோடு இருந்தபோது, என் கல்யாணத்துக்கு முன்பெல்லாம், இந்த வாடைக்குப் பயந்தே உங்கள் அச்சகத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து புரூப் திருத்தினவள் நான். போன பிறகும் விடமாட்டேன் என்கிறீர்கள். காலையில் டப்பாக்களை ஒதுக்கி மிளகாய் எடுக்கப் போனால், பின்னால் ஒரு சுருட்டுக் கட்டு நூல் சுற்றி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. யார் வாங்கி வைத்தது என்று கேட்டேன். மாமியார் தேங்காய் துருவுவதை நிறுத்தவே இல்லை. "உன் அண்ணனுக்கு. நாளைக்கு அவருக்கும் ஓர் இலை போட்டுவிடு" என்றார், அவருடைய மலாயில்.

நாளைக்குப் போகி. இந்த வீட்டில் போகி என்றால் பார்ச்சு. இறந்துபோனவர்களுக்கு வரிசையாக இலை போட்டு, அவரவர் ஆசையாகச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து வைத்து, வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அழைக்கிற நாள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் முழுக்க எழுதித் தள்ளியவர் அல்லவா நீங்கள்!

எனக்கு உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. "அவருக்கா? இந்த வீட்டிலா?" என்று கேட்டே விட்டேன். மாமியார் துருவலைத் தட்டில் தட்டிவிட்டு அடுத்த மூடியை எடுத்துக்கொண்டார். அந்த அம்மாள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். அதனால் வேலையெல்லாம் போட்டது போட்டபடி கிடக்க, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இலை போடுவதற்கு முன் உங்களிடம் கேட்டுத் தீர்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. குறுக்கே பேச இப்போது உங்களால் முடியாது என்பது எனக்கு ஒரு வசதி.

என்னை இந்தக் காஜா பெராங் தெரு வீட்டில் கட்டிக்கொடுத்ததே நீங்கள்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு எல்லாமாக இருந்தவர் நீங்கள். மாப்பிள்ளை நில அலுவலகத்தில் குமாஸ்தா, மலாக்காச் செட்டிக் குடும்பம் என்று வந்து சொன்னீர்கள். எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, இங்கேயே தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழி வந்தவர்கள். தமிழ் அவர்கள் வாயைவிட்டுப் போய்விட்டது, சாமி போகவில்லை. நான் தயங்கியபோது, "அவங்க நம்மள விடப் பழைய இந்துங்க, தங்கச்சி" என்று சொன்னவர் யார்? நீங்கள்தான். கல்யாணப் பந்தியில் தொடை தட்டிச் சிரித்தவரும் நீங்கள்தான்.

லெட்சுமிக்கு ஏழு வயதானபோது தமிழ்ப் பள்ளியில் சேர்த்தோம். இந்தத் தெருவிலிருந்து தமிழ் படிக்கப் போன முதல் பிள்ளை அவள். அதையும் முடிவு செய்தவர் மாமியார்தான். "எங்கள் வாயிலிருந்து விழுந்துபோனதை இவளாவது பொறுக்கி எடுத்துக்கொண்டு வரட்டும்" என்றார். எனக்கு அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை தமிழ் வீடுகளில் பெண்பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று அடித்து உட்கார வைத்தார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அதற்கு முந்தைய வருஷத்திலிருந்தே ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்தது. சுதந்திரம் வருகிறது, மலாய்க்காரரும் சீனரும் நாமும் ஒரே நாட்டுக்காரர்கள் ஆகப்போகிறோம், ஒருவரைப் பற்றி ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் சும்மா இருப்பீர்களா? உங்கள் வாரப் பத்திரிகையில் 'அண்டை வீட்டு நெறி' என்று ஒரு தொடரைத் தொடங்கினீர்கள். நல்ல தொடர்தான். அதை நான் மறுக்கமாட்டேன். நோன்பைப் பற்றி எழுதுவதற்கு முன் மசூதிக்குப் போய் இமாமிடம் உட்கார்ந்து கேட்டீர்கள். எழுதி முடித்ததை மலாயில் சொல்லிக் காட்டி, அவர் கூடாது என்ற ஒரு சொல்லை அடித்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தீர்கள். போர்த்துகீசியக் குடியிருப்புப் பாதிரியாரிடமும் அப்படியே. சீனக் கோயிலுக்குப் போனபோது பேச்சு விளங்காது என்று மருந்துக்கடைக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். "அடுத்தவன் சாமியப் பத்தி எழுதறப்ப அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே எழுதணும்" என்பீர்கள்.

அதைப் பெருமையாக நான் இந்த வீட்டில் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டுத்தான் மாமியார் உங்களைப் பார்ச்சுக்கு அழைத்தார். "எங்களைப் பற்றியும் எழுதட்டும். நாங்கள் யாரென்று தமிழ் ஆட்களுக்கே தெரியவில்லை" என்றார்.

வந்தீர்கள். புங்கா ராயா ஸ்டூடியோவிலிருந்து படம் பிடிக்கிறவரையும் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். மாமியார் பெட்டியிலிருந்த பட்டுக் கெபாயாவை எடுத்து உடுத்தி, வாசலில் மாவிலைத் தோரணத்துக்குக் கீழே குடும்பத்தோடு நின்றார். உள்ளே இலைகள் போட்டிருந்தன. நாசி லெமாக், கோழி, கிளேபாங் மீன், விதவிதமான குவே பலகாரம், தாத்தாவுக்குக் கறுப்புக் காப்பி. சாம்பிராணிப் புகையில் எல்லோரும் கும்பிட்டார்கள். பிறகு மாமியார் நடுக்கூடத்துத் திரையை இழுத்து மூடினார். எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றோம். நீங்களும் நின்றீர்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. திரையை ஏன் மூடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? மாமியாரிடம் வேண்டாம், பக்கத்தில் நின்ற என்னிடமாவது? இல்லை. திரை திறந்ததும் உள்ளே போய், கோழியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்தது. 'கதவை மூடிக்கொண்டு ஒரு பூசை' என்று தலைப்பு. எத்தனையோ வருஷம் உங்கள் எழுத்தைத் திருத்தியவள் நான். அன்றைக்கு ஒவ்வொரு வரியும் என் முகத்தில் துப்பின மாதிரி இருந்தது. இவர்களுக்குத் தமிழ் தெரியாது, தேவாரம் தெரியாது. மாரியம்மனுக்கே மலாய்ப் பெயர் வைத்திருக்கிறார்கள். பேய்களுக்குப் படையல் போட்டுவிட்டு, செய்வது தகாத காரியம் என்று உள்ளூரத் தெரிவதால் வெட்கப்பட்டுத் திரையை இழுத்து மூடிக்கொள்கிறார்கள். புதிய நாட்டில் இவர்களையும் இந்துக்கள் என்று நாலு பேர் எண்ணினால் தலைகுனிவு நமக்குத்தான். இத்தனைக்கும் நடுவில் பெரிய படமாக என் மாமியார், கெபாயாவில், சிரித்துக்கொண்டு.

நான் படித்து முடிப்பதற்குள் அந்தச் சிரித்த முகம் என் எதிரிலேயே வந்து நின்றது. பத்திரிகையை என் கையிலிருந்து வாங்கினார். இந்த வீட்டில் தமிழ் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அண்ணே. அவர் படத்தைப் பார்த்தார். எழுத்தை விரலால் தடவினார். "உன் அண்ணன் எழுத்து எவ்வளவு அழகாக இருக்கிறது, உருண்டை உருண்டையாக" என்றார். அன்றைக்குத் தெரு முழுக்க எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். மறுநாள் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும்போது சீனர் கண்ணாடிக் கடையில் அதற்குச் சட்டம் போட்டு வாங்கி வந்தார். சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார்கள். வெட்டிய பக்கம் அப்படியே, தலைப்பு, வசவு, படம், எல்லாம் சேர்த்து. வருகிறவர்களையெல்லாம் அதன் முன்னால் நிறுத்தி, "தமிழ்ப் பத்திரிகையில் எங்களைப் பற்றி" என்பார். வந்தவர்களுக்கும் படிக்கத் தெரியாது. அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

நீ சொல்லியிருக்கலாமே என்று அண்ணி என்னிடம் ஒரு தடவை கேட்டார். நான் ஏன் சொல்ல வேண்டும்? விருந்துக்குப் போன வீட்டில் சேற்றை வாரி அடித்தவர் நீங்கள். கழுவ வேண்டியவரும் நீங்கள். அந்த வேலையை என் தலையில் கட்ட யாருக்கும் உரிமை இல்லை.

அத்தோடும் நிற்கவில்லை. வாசகர் கடிதம் என்று ஒரு பகுதி வைத்திருந்தீர்களே, அங்கே வாராவாரம் திருவிழா! 'தூய சைவன்' எழுதினார், 'உண்மை விளம்பி' எழுதினார். ஒருவருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. செட்டிகளைக் கோயிலுக்குள் விடலாமா என்று ஒருவர் கேட்டால், அடுத்த வாரம் இன்னொருவர் அவர்கள் ஆவியை ஏவுகிறவர்கள் என்று எழுதினார். பெயர் இல்லாவிட்டால் மனுஷனுக்கு எவ்வளவு தைரியம் வந்துவிடுகிறது! நீங்களும் ஒன்று விடாமல் போட்டீர்கள். பத்திரிகை சூடாக விற்றது.

அந்தச் சூடு என் பிள்ளையைத்தான் சுட்டது. பள்ளியில் உங்கள் பத்திரிகை வாங்குகிற வீட்டுப் பிள்ளைகள் அவளைப் 'பேய் வீட்டுப் பிள்ளை' என்று கூப்பிட்டார்கள். பக்கத்தில் உட்கார மாட்டோம் என்றார்களாம். "நாம பேய்க்கா சோறு போடறோம், அம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப ஏன் அப்படிச் சொல்றாங்க?" என்றாள். நான் என்ன சொல்வது? உன் மாமா சொன்னார் என்றா?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று என்னைத் தின்றுகொண்டிருந்தது. பள்ளியில் எழுத்துப் படிக்கப் படிக்க, லெட்சுமி வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டத்தின் முன்னால்தான் நிற்பாள். வீட்டில் வேறு தமிழ் எழுத்து எங்கே இருக்கிறது? "இது க. இது த. இது வ" என்று கண்ணாடியில் விரலை வைத்துச் சொல்வாள். மாமியார் பூரித்துப்போய்க் கை தட்டுவார். கொஞ்ச நாளில் "கதவை" என்று சேர்த்துப் படித்தாள்.  என்றைக்காவது ஒருநாள் இவள் முழுவதையும் படித்துவிடுவாள். தன் பாட்டியை, தன் அப்பாவை, தன்னைத் தன் சொந்த மாமா எப்படி எழுதியிருக்கிறார் என்று, அவளே, அவள் கற்றுக்கொண்ட தமிழிலேயே தெரிந்துகொள்வாள். அதற்குள் நீங்கள் அதைச் சரிசெய்துவிட வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அச்சகத்துக்கு வந்தேன். நினைவிருக்கிறதா? அச்சுக் கோக்கிற கம்பாசிட்டர் எதிரிலேயே சத்தம் போட்டேன். மாற்றி எழுதுங்கள், தப்பாக எழுதிவிட்டேன் என்று போடுங்கள் என்றேன்.

"அச்சுல ஏறினத எறக்கற பழக்கம் நமக்கு இல்ல" என்றீர்கள்.

"இமாம்கிட்ட காட்டினீங்க. பாதிரியார்கிட்ட காட்டினீங்க. எங்க மாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"அவங்கல்லாம் வேற மதம். கேட்டுத்தான் எழுதணும். இது நம்ம மதம். இதுல கேக்கறதுக்கு என்னா இருக்கு?"

சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னீர்கள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அடுத்த வீட்டுக்குப் போகும்போது செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுப் போனீர்கள். நம் வீடு என்றதும் செருப்போடு சாமி அறைவரைக்கும் நடந்தீர்கள். உங்களுக்குத் தெரியாது என்பதே உங்களுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நம்முடையது நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். 

"பிள்ள படிக்க ஆரம்பிச்சிட்டா. முழுசும் படிக்கறதுக்குள்ள வந்து அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. இல்லேன்னா இந்த அச்சகப் படிய இனிமே மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அது உங்களுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். டுரியான் பழம் விழுகிற பருவத்தில் ஒருநாள் வந்தீர்கள்.

வந்து என்ன செய்தீர்கள்! மாமியார் உங்களைக் கண்டதும் நேராகச் சட்டத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "இத்தனை மாதமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கு நீங்களே படித்துச் சொல்லுங்கள்" என்றார். நான் கதவோரமாக நின்றுகொண்டிருந்தேன். சொல்லப்போகிறார், என் அண்ணன் ஆண்பிள்ளை, சொல்லிவிடுவார் என்று நம்பினேன்.

நீங்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மலாயில் படிக்க ஆரம்பித்தீர்கள். மலாக்காவின் மிகப் பழைய இந்துக்கள் இவர்கள். மொழி போனாலும் முன்னோரைக் கைவிடாத உத்தமர்கள். இவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. வரிக்கு வரி விரலை ஓட்டி, கண்ணாடியில் இல்லாததையெல்லாம் அழகாகப் படித்தீர்கள். என் வீட்டுக்காரர் கைகட்டி நின்று கேட்டார். மாமியார் கெபாயா முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாமா ரொம்ப வேகமாப் படிக்கறாரு" என்றாள் லெட்சுமி, எழுத்தைத் தேடிக்கொண்டே. அவள் தலையைத் தடவிக் கொடுத்தீர்கள்.

வேலிவரை உங்களைத் துரத்திக்கொண்டு வந்தேன். "நாக்கு கூசலியா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"சந்தோஷப்பட்டாங்களா இல்லியா? விடு தங்கச்சி."

"தமிழ்ல வசவு, மலாய்ல புகழ்ச்சி. வசவப் படிச்சவங்க ஊரெல்லாம் இருக்காங்க. புகழ்ச்சியக் கேட்டது இந்த ஒரு கூடம். யாருக்கு எது தெரியணுமோ அத மாத்திச் சொல்லிட்டுப் போறீங்களே!"

சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறினீர்கள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. எழுதியதுகூட அவசரத்தில், ஆணவத்தில் எழுதியது என்று வைத்துக்கொள்ளலாம். இது நேருக்கு நேர், அவர் கண்ணைப் பார்த்துச் செய்தது.

பிறகு வந்தது அடுத்த போகி. உங்களுக்குத் தனி அழைப்பு. இப்போது நீங்கள் இந்த வீட்டுப் புகழைப் பாடியவர் அல்லவா! பெசான் என்று கூப்பிட்டார் மாமியார், சம்பந்திக்கு அவர்கள் சொல்லும் சொல். ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்தீர்கள். முன்னோர் சாப்பிட்டு முடித்து திரை திறந்ததும், உயிரோடு இருக்கிறவர்களுக்குப் போட்ட முதல் இலை உங்களுக்குத்தான். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்திருப்பீர்கள்.

மாமியார் பேத்தியைக் கூப்பிட்டார். "மாமா அன்றைக்குப் படித்ததை இப்போது நீ படி. கேட்க வேண்டும்" என்றார்.

லெட்சுமி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். நான் "வேண்டாம், இறங்கு" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. பிள்ளை கணீரென்று படித்தாள். ஒரு வருஷப் படிப்பில் அவ்வளவு தெளிவு. பிள்ளையை விட்டால், கூடத்தில் தமிழ் விளங்கியது எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான். மற்றவர்களெல்லாம் பெருமையாகப் புன்னகைத்துக்கொண்டு கேட்டார்கள். உங்கள் வசவுக்குத் தலையாட்டினார்கள், அண்ணே. அந்தக் காட்சியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"இப்போது நம் பேச்சில் சொல்" என்றார் மாமியார்.

அவள் மலாய்க்கு மாற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்கு அது வீட்டுப் பேச்சு, தடையே இல்லை. இவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று எழுதியிருக்கிறது. சாமியின் பெயர் தெரியாது என்று எழுதியிருக்கிறது. அப்புறம் குரல் இறங்கியது. பேய்க்குச் சோறு போடுகிறார்கள். வெட்கப்பட்டுத் திரையை மூடிக்கொள்கிறார்கள். அங்கே நிறுத்திவிட்டு உங்கள் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க படிச்சது இதுல எங்க இருக்கு?" என்றாள். அதட்டலாகக் கேட்கவில்லை. தனக்குத்தான் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக் கேட்டாள்.

 என் வீட்டுக்காரர் தண்ணீர்ச் செம்பைக் கையில் பிடித்தபடி நின்றார். மாமியார் உங்களைப் பார்த்து, "பெத்தோல்?" என்றார். உண்மையா என்கிற அந்த ஒரே ஒரு சொல். நீங்கள் இலையைப் பார்த்துக் குனிந்தீர்கள். கை சோற்றிலேயே இருந்தது. எத்தனை தலையங்கம் எழுதிய கை!

இந்த இடத்தில் வேறு எந்த வீடாக இருந்தாலும் என்ன நடந்திருக்கும்? இலையோடு வாரி வெளியே எறிந்திருப்பார்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். செய்யட்டும் என்றுகூட நினைத்தேன்.

மாமியார் எழுந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. எங்களைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்: "ஓராங் மாக்கான். கித்தா ஜாங்ஙான் தெங்கோ. சுமுவா கெலுவார்."

ஒருவர் சாப்பிடுகிறார். நாம் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. எல்லோரும் வெளியே போங்கள். ஒவ்வொரு பார்ச்சிலும் முன்னோருக்கு இலை போட்ட பிறகு, எட்டிப் பார்க்கிற சின்னப் பிள்ளைகளிடம் அவர் சொல்லும் அதே வார்த்தைகள். விருந்துக்கு வந்தவர் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டும், அதற்குத்தான் அந்தத் திரை. அவ்வளவுதான் அதன் ரகசியம். கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். நீங்கள் கேட்கவில்லை.

எல்லோரையும் வெளியே அனுப்பினார். லெட்சுமியை முக்காலியிலிருந்து இறக்கினார். கடைசியாக வந்து, உங்களைத் திரும்பிப் பார்க்காமல் திரையை இழுத்து மூடினார். வாசலில் நின்றோம்.

கொஞ்ச நேரம் கழித்து வந்தீர்கள். குழாயடியில் கை கழுவினீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வேலியைத் தாண்டிப் போனீர்கள். உங்கள் இலையை மாமியாரே எடுத்தார். மடித்தது மடித்தபடி கொண்டுபோய்ப் போட்டார். நீங்கள் சாப்பிட்டீர்களா, சோற்றை அப்படியே வைத்து மடித்தீர்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் சட்டத்தைக் கழற்றச் சொன்னார். படத்தை மட்டும் கத்தரித்து மறுபடி மாட்டினார்கள். மிச்சமிருந்த எழுத்தைச் சுருட்டி என் கையில் வைத்து, "இது உன்னுடையது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லில் நான் இந்த வீட்டில் மறுபடியும் வெளியாள் ஆகிவிட்டேன். பல மாதங்கள் சமையலறையில் என்னை 'உப்பு போதுமா பார்' என்றுகூட அவர் கேட்கவில்லை. நீங்கள் செய்த வேலைக்குக் கூலி வாங்கியது நான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உங்கள் பத்திரிகையை வரிவிடாமல் பார்த்தேன். இந்த வாரம் போடுவார், அடுத்த வாரம் போடுவார் என்று. சுதந்திரம் வந்தது. கொடியைப் பற்றி எழுதினீர்கள். ஒற்றுமையைப் பற்றி எழுதினீர்கள். 'அண்டை வீட்டு நெறி'யில் சீக்கியர்கள்வரைக்கும் வந்தாயிற்று, அவர்களிடமும் கேட்டுத்தான் எழுதியிருந்தீர்கள். எங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. கடிதம் எழுதுகிறவர்கள் மட்டும் ஓயவில்லை. லெட்சுமி பள்ளிக்குப் போவதை நிறுத்தட்டுமா என்று கேட்டாள். நிறுத்தக் கூடாது என்றேன். உன் மாமா எழுதிய மொழி இல்லை அது, உன் மொழி என்றேன். சொன்னேனே தவிர, எனக்கே அப்போது நம்பிக்கை இல்லை.

கடைசியாக உங்களைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். நெஞ்சு கூடு மாதிரி ஆகிவிட்டிருந்தது. சண்டை போட வந்தவள் உங்கள் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நீங்களேதான் ஆரம்பித்தீர்கள்.

"எழுதணும்னு பலதடவ உக்காந்தேன் தங்கச்சி. எப்படித் தொடங்கறதுன்னு தெரியல."

"'நான் கேட்கவில்லை'ன்னு தொடங்குங்க" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூக்கமா, பதில் சொல்ல விருப்பமில்லையா, தெரியவில்லை. அந்த வாரமே போய்விட்டீர்கள். சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பி வந்தபோது நான் அழுதேன். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். இனி யார் எழுதுவது?

நான்தான். வேறு யார்? புரூப் திருத்தத் தெரிந்தவளுக்கு எழுதவா தெரியாது! மாமியாரிடம் போய் உட்கார்ந்தேன். முதல்நாள் முகம் கொடுக்கவில்லை. நானும் நகரவில்லை. எந்த இலை யாருக்கு, காப்பி எதற்கு, மாரியம்மனை ஏன் தாத்தோ சாச்சார் என்கிறீர்கள், திரை எதற்கு என்று தெரிந்ததையும் தெரியாத மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டேன். மெல்ல மெல்லச் சொன்னார். அம்மை போட்ட காலத்தில் ஊரையே காப்பாற்றிய தாய்க்கு, இந்த ஊர் மொழியில் மரியாதையாக வைத்த பெயர் அது என்றார். எழுதி முடித்து, போன வாரம் மலாயில் அவருக்குப் படித்துக் காட்டினேன். நீங்கள் இமாமுக்குப் படித்துக் காட்டிய மாதிரியே. இரண்டு மூன்று இடங்களைத் திருத்தினார். உங்களைப் பற்றி எழுதியிருந்த இடம் வந்தபோது மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு எழுந்து போனார். சுருட்டு வாங்கியது அதற்குப் பிறகுதான் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

சரி, இலை போடுகிறேன். கோழியும் வைக்கிறேன், தாராளமாகவே. அதற்காக எனக்கு மனசு ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆறவில்லை. நீங்கள் இருந்திருந்தால் இன்னும் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். அந்தச் சண்டைக்கு ஆள் இல்லாமல் போனதுதான், அண்ணே, எனக்கு எல்லாவற்றையும்விடத் தாங்க முடியாமல் இருக்கிறது.

கட்டுரையை நேற்று உங்கள் அச்சகத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். நீங்கள் போன பிறகும் கம்பாசிட்டர் பத்திரிகையை விடாமல் கொண்டுவருகிறார்; வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறது. தூய சைவனும் உண்மை விளம்பியும் இனி என்னைத் திட்டி எழுதட்டும். எந்த வீட்டைத் திட்டுகிறோம் என்று தெரிந்து திட்டட்டும். 'என் அண்ணன் கேட்கவில்லை, நான் கேட்டேன்' என்று தொடங்கியிருக்கிறேன். கம்பாசிட்டர் அந்த வரியைப் பார்த்துவிட்டு, "முதலாளியப் பத்தி இப்படிப் போடணுமாம்மா? இத எடுத்துட்டு, கீழ ஒரு புனைபேரு போட்டுக்கலாமே" என்றார். முடியாது என்றேன். கீழே என் சொந்தப் பெயர். அதற்கு அடியில், காஜா பெராங் செட்டி வீட்டு மருமகள். அதற்கும் அடியில், இந்தப் பத்திரிகை ஆசிரியரின் தங்கை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் அச்சகத்தைவிட்டுப் போகமாட்டேன் என்று ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மூன்றையும் கோத்து முடித்து அவர் புரூப்பைக் கையில் கொடுத்த பிறகுதான் எழுந்து வந்தேன்.